கலியாணப் பாட்டு கடைசியில் வரும் படம்

மகன்,

கொழும்பில் நடக்கப்போகும் முதல் காட்சிக்கு நீ அனுப்பிய அழைப்பு நேற்று வந்து சேர்ந்தது. நல்ல தடித்த மட்டை, பொன் எழுத்து. அதில் என் பெயரும் இருக்கிறது. நான் மேடைக்கு வந்து உன் அப்பாவின் படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு ஏற்றுவேன் என்று என்னைக் கேட்காமலே அச்சடித்துவிட்டாய். போனில் பதில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போனில் நீ என்னைக் கதைக்க விடுவதில்லை. "அம்மா, பொறுங்கோ, நான் சொல்லுறதக் கேளுங்கோ" என்று குறுக்கே விழுவாய். காகிதத்தில் உனக்கு அது ஏலாது. அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். நீயும் ஆறுதலாக இருந்து வாசி.

போன கிழமை இங்கே டவுன் தியேட்டரில் ஊராருக்கென்று படத்தைப் போட்டுக் காட்டினாய். நான் பச்சைப் பட்டுச்சீலை கட்டி, பூ வைத்து, எப்போதும் வைக்கிற அளவில் பொட்டும் வைத்து வந்து முன்வரிசையில் இருந்தேன். என் பிள்ளை எடுத்த படம் என்ற பெருமை எனக்கு இருந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். விளக்கை அணைத்தார்கள். திரை முழுக்க உன் அப்பாவின் முகம். எங்கள் கலியாணப் படத்தில் பக்கத்தில் நின்ற என்னை வெட்டி எறிந்துவிட்டு அவரைத் தனியாக்கிப் போட்டிருந்தாய். அவர் கழுத்தில் கிடந்தது நான் போட்ட கலியாண மாலை. என்னை வெட்டியதும் அது செத்தவீட்டு மாலை ஆகிவிட்டது. கீழே "மறைந்த என் தந்தையின் நினைவுக்கு" என்று எழுத்து. பின்னால் யாரோ "ச்சூ" கொட்டினார்கள். பக்கத்தில் இருந்த டீச்சர் அம்மா திரையைப் பார்க்கவில்லை, திரும்பி என் நெற்றியைப் பார்த்தா. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த இடத்திலேயே எழும்பி வந்து உனக்கு ஒன்று போட்டிருப்பேன். வளர்ந்த பிள்ளை என்று விட்டேன்.

படத்தைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய். சொல்லத்தான் போகிறேன். ஆனால் உன் படத்தைச் சொல்வதற்கு முதல் நீ திரும்ப எடுத்த அந்தப் பழைய படத்தைச் சொல்ல வேண்டும். நம் வீட்டில் "அந்தப் படம்" என்றால் ஒரே ஒரு படம்தான். ஒரு தோணிக்காரன், ஒரு பெட்டை. பாதிப் படம் சண்டை, மீதிப் படம் பாட்டு. பெரிய மேளம் நாதஸ்வரத்தோடு கலியாணம் நடக்கும். கலியாணம் முடிந்த கையோடு அவன் கடலுக்குப் போவான், புயல் அடிக்கும், வெறும் தோணி மட்டும் கரைக்கு வரும், அவள் அதைக் கண்டு தண்ணீருக்குள் ஓடுவாள். முற்றும். அது ஒன்றும் தெய்வம் எடுத்த படம் இல்லை. கதாநாயகன் துடுப்பைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான் என்று நம் லாஞ்சிக்காரர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தவர்கள். புயல் என்று காட்டியது வாளித் தண்ணீரை. கதாநாயகியின் தாயாக வந்தவ மகளைவிட இளமையாக இருந்தா. ஆனால் அந்தப் பாட்டுகள்! அந்தக் கலியாணப் பாட்டில் அவளுடைய குரல் மேலே போகும்போது தியேட்டரில் கச்சான் கொறிக்கிற சத்தமும் நின்றுவிடும்.

நான் இப்போது சொன்ன ஒழுங்கில் எங்கள் ஊர் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. இதை நீ போன வருடம் போனில் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி எனக்குச் சொன்னாய். "அம்மா, நீங்கள் பார்த்தது பிழையான படம். ரீலை மாத்திப் போட்டிருக்கிறாங்கள்" என்றாய். கம்பியூட்டரில் பார்த்து அறிந்தாயாம். அடேய், அந்த ரீலைச் சுமந்து வந்ததே உன் கொப்பர்தான். எனக்குத் தெரியாமல் இருக்குமா?

அந்த நாளில் உன் அப்பாவும் காசிம் நானாவும் மூதூருக்குப் போய்வருகிற லாஞ்சிப் படகில் வேலை செய்தார்கள். நம் பக்கத்துக்குப் படத்தின் ஒரே ஒரு பிரதிதான் வந்திருந்தது. மூதூர்க் கொட்டகையில் மத்தியானக் காட்சி ஓட ஓட, முடிந்த ரீல்களைப் பெட்டியில் போட்டு லாஞ்சியில் ஏற்றிக் குடாவைக் கடந்து கொண்டுவருவார்கள். அதை வைத்து டவுனில் பின்னேரக் காட்சி நடக்கும். முதல் நாள் என்ன நடந்தது என்றால், படம் முடிந்த பிறகும் மூதூர்ச் சனம் எழும்பவில்லை. கலியாணப் பாட்டை இன்னொருக்கால் போடு என்று கதிரையைத் தட்டி ஆர்ப்பாட்டம். அதனால் அந்த ரீல் அங்கேயே நின்றுவிட்டது. கடைசி ரீல் மட்டும் முதல் லாஞ்சியில் வந்தது. டவுன் சனம் பொறுக்குமா? விசில் அடித்துக் கூரையைப் பிரிக்கத் தொடங்கினார்கள். ஒப்பரேட்டர் பயந்துபோய்க் கையில் கிடைத்த ரீலைப் போட்டுவிட்டார்.

நான் என் அக்காவோடு பெண்கள் பக்கத்தில் இருந்தேன். எனக்கும் உன் அப்பாவுக்கும் கலியாணம் பேசி முடித்திருந்த நேரம் அது. திரையில் புயல் அடித்தது, வெறும் தோணி வந்தது, அவள் கடலுக்குள் ஓடினாள், முற்றும் என்று எழுத்தும் விழுந்துவிட்டது. பெண்கள் எல்லாரும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்கள். அப்போதுதான் வாசலில் நின்றவர், "பொறுங்கோ, பொறுங்கோ, இன்னொரு ரீல் வருது" என்று கத்தினார். பார்த்தால் உன் அப்பா, தலையில் பெட்டியோடு, லாஞ்சி கட்டுகிற ஜெட்டித் துறையிலிருந்து ஓடிவந்த வேர்வை வழிய, நடுவால் போகிறார். சனம் அவருக்குக் கைதட்டியது. ரீலைப் போட்டார்கள். நாதஸ்வரம் தொடங்கியது, மாலையும் கழுத்துமாய் அவன் நிற்கிறான், அவள் நிற்கிறாள். ஒரு நிமிடம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "ஐயோ, கூட்டிக்கொண்டு வந்திட்டாள்!" என்றது. அவள் கடலுக்குள் ஓடியது அவனைக் கூட்டிவரத்தான் என்று தியேட்டர் முழுக்க விளங்கிக்கொண்டது. எனக்கு முன்னால் இருந்த ஒரு மனுசன், "அவளின்ட கழுத்தில தாலி முதலே கிடந்ததே" என்று கேட்டதற்கு, அவருடைய பெண்சாதி "வாயப் பொத்திக்கொண்டு பாருங்கோ" என்று ஒரு இடி இடித்தா. நான் திரையையும் பார்த்தேன், பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து நின்ற உன் அப்பாவையும் பார்த்தேன். செத்தவனையே உயிரோடு சுமந்துகொண்டு வந்துவிட்டாரே இந்த மனுசன் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் ஒப்பரேட்டர் படத்தைச் சரியான ஒழுங்கில் போட்டார். முற்றும் என்று விழுந்ததும் சனம் விடவில்லை. "நேற்று மாதிரிப் போடு!" என்று நின்றது. முதலாளி யாவாரம் தெரிந்தவர். அன்றிலிருந்து அந்தப் படம் எங்கள் டவுனில் எப்போது வந்தாலும் கலியாணப் பாட்டு கடைசியில்தான். சல்லியிலிருந்து, கிண்ணியாவிலிருந்து, வெருகலிலிருந்து எல்லாம் வந்து பார்த்தார்கள். யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "இது பிழை, எங்கட ஊரில அவன் சாகிறான்" என்று சண்டைக்கு வந்தார். உன் அப்பா சிரித்துக்கொண்டே, "உங்கட ஊரில சாகட்டும் அண்ணை, இஞ்ச சாகமாட்டான்" என்றார். அவர் அப்படிச் சொன்னதை நான் எத்தனை தரம் உனக்குச் சொல்லியிருக்கிறேன், நீதான் கேட்டு மறந்துவிட்டாய்.

பிறகு கலியாணம், பிறகு நீ, பிறகு அந்தச் சண்டைக் காலம். ஒரு காலை ஆமி முகாமிலிருந்து ஜெட்டிக்கு வந்தவர்கள், ஒரு விசாரணை என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வெக்கைக்கு அவர் எப்போதும் சட்டையைக் கழற்றி லாஞ்சியில் ஓர் ஆணியில் கொழுவிவிட்டுத்தான் வேலை செய்வார். அன்றும் அப்படித்தான். "சட்டையப் போட்டுக்கொண்டு வாறன்" என்று கேட்டிருக்கிறார். "தேவையில்ல, இப்ப வந்திடலாம்தானே" என்றார்களாம். பெனியனோடு போனார். சட்டையைக் காசிம் நானாதான் அழுதுகொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார். நீலக் கட்டம் போட்ட சட்டை. டீசலும் வேர்வையும் கலந்த மணம். நான் அதைத் தோய்க்கவில்லை. அலுமாரியில் கொழுவி வைத்தேன். எந்த முகாம் வாசல், எந்த அரசாங்கக் கந்தோர், எந்த வெயில் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, என் இடுப்பில் நீயும் இருந்தாய். இறந்துவிட்டார் என்று எழுதித் தருகிறோம், வாங்கிக்கொண்டு போங்கள் என்று சொன்ன ஒவ்வொரு மேசையிலிருந்தும் நான் வெறுங்கையோடுதான் எழும்பி வந்தேன்.

உன்னை நித்திரையாக்க நான் அந்தப் படத்தைத்தான் கதையாகச் சொன்னேன். எங்கள் ஊர் ஒழுங்கில்தான் சொன்னேன். நீ கலியாணப் பாட்டு வரும்வரை கண் மூடமாட்டாய். இதில் நான் ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொள்வேன் என நீ எதிர்பார்க்கிறாய் போல இருக்கிறது. தியேட்டர் வாசலில் வைத்து என்ன சொன்னாய்? "சின்னனில இருந்து ஒவ்வொரு நாளும் அப்பா வருவார், அப்பா வருவார் என்டு சொன்னீங்கள். கேட் சத்தம் கேட்டா நான் ஓடினன். பள்ளிக்கூடத்தில ஆரும் ஆம்பிளை வந்து நின்டா எழும்பிப் பாத்தனான். நான் களைச்சுப் போனன் அம்மா. எனக்கு ஒரு முடிவு வேணும்" என்றாய். உன் குரல் உடைந்தது. எனக்கும் நெஞ்சு உடைந்தது. நீ களைத்துப்போனது எனக்கு விளங்காமல் இல்லை. நானும் களைத்துத்தான் இருக்கிறேன், மகன். ஆனால் ஒப்புக்கொள்ள என்னிடம் பிழை எதுவும் இல்லை. ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்ல அந்த நாளில் என்னிடம் வேறு கதையும் இருக்கவில்லை.

இப்போது உன் படத்துக்கு வருகிறேன். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடலை மேலிருந்து எடுத்திருக்கிறாய். நம் குடா இவ்வளவு வடிவென்று இத்தனை வருடம் கரையில் நின்று பார்த்த எனக்கே தெரியாது. புயல் உண்மையான புயல் மாதிரி இருந்தது, கதிரையைப் பிடித்துக்கொண்டேன். தாலாட்டுப் பாட்டில் ஒரு வயலினை மட்டும் வைத்தாயே, அது பழையதைவிட நல்லாயிருந்தது, சத்தியமாய்ச் சொல்கிறேன். நீ கெட்டிக்காரன். கெட்டித்தனம் இல்லாத ஒருத்தன் எடுத்திருந்தால் நான் சிரித்துவிட்டு வந்திருப்பேன், இப்படி இருந்து எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

கலியாணப் பாட்டை மட்டும் நீ தொட்டிருக்கக்கூடாது. பழையதில் அவள் பாடுவாள், பக்கத்தில் நாதஸ்வரம், அவ்வளவுதான். நீ இடி இடிக்கிற மாதிரி மேளம் போட்டு அந்தப் பிள்ளையின் குரலைக் கீழே புதைத்துவிட்டாய். சல்லிக் கரையில் கருவாடு காயப்போடுகிற இடத்தில் ஒரே நிறச் சீலையில் ஒரு பட்டாளமே ஆடுகிறது, ஒருத்திகூட மூக்கைச் சுளிக்கவில்லை. வலை இழுக்கிற பெட்டைக்கு நகப்பூச்சு. அதையும் பொறுத்தேன். நம் ஜெட்டியில் நின்றுகொண்டு அவள் "ஆமா, ஆமா" என்கிறாள்! இந்த ஊரில் எந்தப் பெட்டையடா "ஆமா" சொல்கிறாள்? "ஓம்" என்று ஒரு சொல் சொல்ல அவளுக்கு வாய் வராதா? இதைக் கேட்டதற்கு, இந்தியாவிலும் ஓட வேண்டும் என்று சொன்னாய். சரி, ஓடட்டும்.

அதெல்லாம் சின்ன விசயம். பெரிய விசயம் சட்டை. போன மாரிக்கு நீ பாலையூற்றில் நம் வீட்டுக்கு வந்து, குசினி வாசலில் நின்று, "அம்மா, அப்பாவின்ட சட்டையை ஒருக்காத் தாங்கோ, படத்தில கதாநாயகன் கடைசியில போட வேணும்" என்று கேட்டாய். கடைசியில் என்றாய். நான் என்ன நினைப்பேன்? எனக்குத் தெரிந்த படத்தில் கடைசியில் அவன் வந்து நிற்பான். ரீல் மாறிய கதை எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் படத்தைக் கேட்டு வளர்ந்த என் பிள்ளை அதை எங்கள் ஒழுங்கில்தான் எடுப்பான் என்று நான் ஒரு கணமும் சந்தேகப்படவில்லை. இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் வந்து நிற்கப்போகிறான் என்று நினைத்தேன். அவ்வளவு காலமும் யாரையும் தொடவிடாத சட்டையை நானே எடுத்து, நானே மடித்து, பையில் போட்டு உன் கையில் தந்தேன். சந்தோசத்தில் உனக்குத் தேத்தண்ணிக்கு இரண்டாந்தரமும் சீனி போட்டேன், நீ சிரித்தாய்.

அந்தச் சட்டை கடைசியில் வந்தது. முகம் குப்புறக் கரையில் கிடந்தது. நீ கமராவைக் கிட்டக் கொண்டுபோனாய். நீலக் கட்டம், ஈரம், மண், கொலரில் ஒரு நண்டு ஊர்கிறது. பிறகு அந்தப் பிள்ளை வந்து அவனைப் புரட்டிப் பார்த்து, தன் பொட்டைத் தன் கையாலேயே அழிக்கிறாள். படம் முடிந்தது, எல்லாரும் எழும்பி நின்று கைதட்டினார்கள். ஒழுங்கு ஒழுங்கு என்று கதைக்கிறாயே, உன் சரியான ஒழுங்கிலேயே கேட்கிறேன்: பழைய படத்தில் சடலம் எங்கே இருந்தது? வெறும் தோணிதான் வந்தது. யாழ்ப்பாணத்திலும் தோணிதான், கொழும்பிலும் தோணிதான். அந்தப் படத்தை எடுத்தவர்களுக்குக்கூட அவனைச் சடலமாகக் காட்ட மனம் வரவில்லை. நீ காட்டினாய். அதுவும் என் அலுமாரியிலிருந்து எடுத்துப் போர்த்திக் காட்டினாய்.

அன்று காசிம் நானா மூதூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். இப்போது பாலம் இருக்கிறது, லாஞ்சி தேவையில்லை. வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன தங்கச்சி, அவன இப்பிடிச் செஞ்சி போட்டானே உங்கட புள்ள" என்று அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. பக்கத் தெருவால் போய் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். இந்தக் கிழமை உன் ஆள் ஒருவர் சட்டையைக் கொண்டுவந்து தந்தார். லோண்டரியில் தோய்த்து, கஞ்சி போட்டு, அயன் பண்ணி, பிளாஸ்டிக் உறையில். முகத்தை வைத்துப் பார்த்தேன். சவர்க்காரம்தான் மணத்தது.

நீ என்னைப் பைத்தியக்காரி என்று நினைக்காதே. உன் அப்பா இனி அந்தக் கேட்டைத் திறந்துகொண்டு வரமாட்டார் என்பது உனக்குத் தெரிவதற்கு முதலே எனக்குத் தெரியும். என்னைப் போல அவருக்கும் வயது போயிருக்கும், அதையும் எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஆனால் செத்தார் என்று சொல்ல வேண்டியவள் நான் இல்லை, நீயும் இல்லை. கூட்டிக்கொண்டு போனவர்கள் சொல்ல வேண்டும். எங்கே வைத்து, எப்போது, என்ன செய்தோம் என்று எனக்கு முன்னால் வந்து நின்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பொட்டு. கண்ணாடியில் பார்த்து அழகுக்கு வைக்கிறேன் என்றா நினைத்தாய்? அவர்கள் இன்னும் வாய் திறக்கவில்லை. அவர்கள் சொல்லாததை, அவர்களுக்கு வேலை மிச்சமாகட்டும் என்று நீ சொல்லிவிட்டாய். அதுவும் பெரிய எழுத்தில், மாலையோடு. இனி யாராவது என்னைக் கேட்டால், "உங்கட மகனே சொல்லிப்போட்டாரே" என்று சொல்லமாட்டார்களா? எனக்குப் பொறுக்காதது இதுதான், மகன். நகப்பூச்சும் மேளமும் எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஒன்று கற்றுக்கொள். ஒருவரிடம் ஒரு பொருளை வாங்கும்போது எதற்கு வாங்குகிறாய் என்று முழுதாகச் சொல்லி வாங்கு. பாதி சொல்லி வாங்குவது களவை விடக் கேவலம். உனக்கு ஒரு முடிவு வேண்டும் என்றால் எடு, அது உன் உரிமை, நீயும் அவருடைய பிள்ளை. உன் வீட்டில் அவருடைய படத்தை வை, திவசம் செய், உன் பெண்சாதியோடு போய் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் விளக்குப் போடு. நான் தடுக்கமாட்டேன். நீ ஆறுதலாக நித்திரை கொண்டால் எனக்கும் சந்தோசம்தான்.

கொழும்புக்கு நான் வர வேண்டும் என்றால் இரண்டு வேலை செய். படத்தின் கதையை மாற்றச் சொல்லவில்லை, அவன் கரையில் கிடக்கட்டும். முதலில் வருகிற "மறைந்த" என்ற அந்த ஒரு சொல்லை எடு. பிறகு, நீ வெட்டிய இடத்தில் என்னைத் திரும்பக் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்தில் நிறுத்து. அப்போது அவர் கழுத்தில் கிடப்பது கலியாண மாலை என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும். உங்களிடம் இப்போது ரீலும் இல்லை, லாஞ்சியும் இல்லை, விரலால் தட்டினால் மாறுகிறது என்று நீயே சொன்னாய். செய்தாயென்றால் பச்சைச் சீலையைக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வருகிறேன்.

ஏலாது என்றால் அந்த விளக்கை உன் கதாநாயகியைக் கொண்டு ஏற்று. பொட்டை அழித்தவள் அவள். நான் இன்னும் அழிக்கவில்லை.

அம்மா